கோமதிநாயகத்தின் இடது கட்டைவிரல்

செவ்வல்குளத்தில் கைகளெல்லாம் வெளுத்துப்போன கதையை ஊருக்குள் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்லுவார்கள், டீக்கடையில் கேட்டால் சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள், கோயில் வாசலில் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்லுவார்கள், ஆனால் அதை வயிற்றெரிச்சலோடு உள்ளது உள்ளபடி சொல்ல இந்த ஆவுடைத்தங்கத்தை விட்டால் ஆள் கிடையாது, ஏனென்றால் முதலில் வெளுத்த கை என் வீட்டுக்காரருடையது, வெளுக்க வைத்தவள் சண்முகவடிவு.

பேரைப் பாருங்கள், வடிவாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறவள், தன் கல்யாண வயதைத் தாண்டிவிட்டவள், பேச்சு நின்று படுக்கையில் கிடக்கிற அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்கு வருகிறவள், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவள் என்று ஊரே அவளுக்கு நற்சான்று கொடுக்கும். கொடுக்கட்டும். நானும் பேசாமல்தான் இருந்தேன், என் சொத்தில் அவள் கை வைக்கிறவரைக்கும்.

எங்கள் ஊர் வாசகசாலையில் அலமாரி அலமாரியாகப் பழைய புத்தகங்கள் உண்டு, மாட்டு வைத்தியம், கிணறு வெட்ட நாள் பார்ப்பது, நாடகப் பாட்டு, எல்லாம் தொட்டால் உதிர்கிற தாள். ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு ஒடிந்துவிடும் என்பதால், செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, சுத்தம் பண்ணி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இணையத்தில் போட்டுவிடக் கமிட்டி முடிவு செய்தது. படம் பிடிக்கிற வேலை என் வீட்டுக்காரர் கோமதிநாயகத்துக்கு வந்தது. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிறவர், சனி ஞாயிறு ஓய்வு. கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஸ்டாண்டில் செல்போனை மாட்டி, வலது கையால் பொத்தானை அமுக்கி, இடது கையால் பக்கத்தைப் பிடித்துக்கொள்வார், பிடிக்காவிட்டால் பழைய தாள் சுருண்டு எழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அவர் கட்டைவிரல் இருக்கும். சுத்தம் பண்ணுகிற வேலை எனக்கும் வடிவுக்கும்.

கிம்ப் என்று ஒரு மென்பொருள், காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். படத்தைத் திறந்து, கோணலை நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, நிறத்தை எடுத்துவிட்டு, லெவல்ஸ் என்று ஒரு பெட்டி வரும், அதில் வெள்ளை முக்கோணத்தை இடது பக்கம் இழுத்தால் மஞ்சள் தாள் வெளுக்கும், கறுப்பு முக்கோணத்தை வலது பக்கம் இழுத்தால் எழுத்து கறுக்கும், ரெண்டில் எது ஒரு மயிரிழை கூடினாலும் போச்சு. அப்புறம் கறையைத் துடைத்து, பூச்சி அரித்த ஓட்டையை மூடி, கடைசியில் கட்டைவிரலை அழிக்க வேண்டும். நான் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிறவள், எனக்கு வேகம் முக்கியம். தூசியை ஒட்டுமொத்தமாகத் துடைக்கிற வசதி ஒன்று இருக்கிறதே என்று மாட்டு வைத்தியப் புத்தகம் முழுக்க அதை ஓட்டினேன், அது தூசி என்று நினைத்து மெய்யெழுத்துப் புள்ளிகளையெல்லாம் சேர்த்துத் தின்றுவிட்டது. கமிட்டிச் செயலாளர் ஞானையா எல்லோர் முன்னாலும் கேட்டார், “தாயி, புத்தகத்தைக் குளிப்பாட்டச் சொன்னா, எழுத்துக்கெல்லாம் மொட்டை போட்டு வச்சிருக்கியே?” சிரிப்பு அடங்குவதற்குள்ளே, “அதை வடிவுட்ட குடுங்க, அவ பாத்துக்கிடுவா” என்றும் சொன்னார். வடிவு பார்த்துக்கொண்டாள், ஒரு புள்ளி தவறாமல். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அது தொழில் பொறாமை, அதை விடுங்கள். விரலுக்கு வருகிறேன்.

அவருடைய இடது கட்டைவிரலில், நகத்துக்கும் முட்டிக்கும் நடுவே, முருங்கை இலை அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. அதைப் போட்டவள் நான். கல்யாணமாகி முதல் வருஷம், என் தங்கச்சி சடங்குக்கு என்னை அனுப்ப மாட்டேன் என்று தோசை தின்றுகொண்டே சொன்னார், நான் எதிர்த்துப் பேசினேன், வலது கையில் எச்சில் இருந்ததால் இடது கையை நீட்டி என் கையிலிருந்த தோசைக்கரண்டியைப் பிடுங்க வந்தார், நான் கொடுத்தேன், சூடான பக்கத்தைக் கொடுத்தேன். கை தவறிவிட்டது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார், ஒன்றும் தவறவில்லை. தோசை மாவை அள்ளி விரலில் அப்பிவிட்டு நான் அழ, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “அழாத ஆவுடை, போயிட்டு வா” என்றார். அதுவரைக்கும் நான் அவருக்கு ஏளா, இந்தா, அவ்வளவுதான், எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற புருஷன் குறைச்சல். அன்றைக்கு என் பேர் அவர் வாயில் ஏறியது, அப்புறம் இறங்கவே இல்லை. ஆகவே அந்தத் தழும்பு எனக்குப் பட்டா போட்ட இடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசகசாலையிலிருந்து வந்து கை கழுவினார், துண்டை நீட்டினேன், விரல் வழவழவென்று இருந்தது.

“தழும்பு எங்க?”

“எந்தத் தழும்பு?”

“விளையாடாதீய. நான் தோசைக்கரண்டியால சுட்டது.”

“நீ எப்ப என்னைச் சுட்ட?” என்று நிஜமாகவே கேட்டுவிட்டு, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, “ஏளா, அந்த ஊறுகாயை இங்க தள்ளு” என்றார்.

ஏளா என்றார். நான் ஊறுகாயைத் தள்ளிவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

காரணம் தேடி நான் அலையவேயில்லை, தானாக வந்தது. அவர் வராத ஒரு நாள் டீக்கடைப் பிச்சாண்டி பக்கம் பிடித்திருந்தார், அந்தப் படங்களை வடிவு சுத்தம் பண்ணினாள், பிச்சாண்டி கையில் பிறந்ததிலிருந்து இருந்த மரு மறுநாள் டீ ஆற்றும்போது இல்லை. அவருக்கு அடுத்து பக்கம் பிடித்தவள் முப்பிடாதி மதினி, அவள் கையிலும் ஒரு மரு உண்டு, அவள் படங்கள் என்னிடம் வந்தன, மரு அப்படியே இருந்தது, புள்ளிகள்தான் போயிருந்தன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வடிவு படத்தில் விரலை அழித்தால் ஆளிடம் விரல் போகவில்லை, விரலில் எழுதியிருந்ததெல்லாம் போனது.

ஊர் இதைக் கேட்டு மூக்கில் விரலை வைத்ததா என்றால், இல்லை, விரலை எடுத்துக்கொண்டு வாசகசாலைக்கு வந்தது. கொத்தனார் சிமெண்டு தின்ற விரல்களோடு வந்தார், பட்டாசு ஆலைக்கு வெடிக்கட்டப் போகிற பெண்கள் மருந்து ஏறிய நகங்களோடு வந்தார்கள், சட்டி சுட்டவர்கள், சேவல் கொத்தியவர்கள், அரிப்பு உள்ளவர்கள், பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவசரப்படுகிறவர்கள், எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். ஞானையா லேசுப்பட்ட ஆளா, உடனே கமிட்டியைக் கூட்டி, கை வெளுக்க வேண்டுமானால் ஒரு புத்தகம் முழுக்கப் பக்கம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டார், அந்தச் சட்டத்தினால் அதுவரைக்கும் எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்த வேலை ஓட்டம் பிடித்தது, அலமாரிகள் ஒவ்வொன்றாக இணையத்துக்கு ஏறின.

தழும்போடு அது வந்த கதையும் கூடவே போனது, ஊர் அதையும் தாங்கிக்கொண்டது. வரப்புச் சண்டையில் அரிவாள் வெட்டு வாங்கிய அண்ணனும் வெட்டிய தம்பியும் சேர்ந்து வந்து கை வெளுத்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி வீட்டுக்குப் போனார்கள், ஆடி மாதம் அதே வரப்புக்குப் புதிதாகச் சண்டை போட்டார்கள். ஒருத்தன் பேரைப் புறங்கையில் பச்சை குத்தி வைத்திருந்த செல்லக்கனி, பேர் போன மறுநாள் பஸ்ஸில் அவனையே பார்த்து, “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். ரேகை பார்க்கிறவள் கோலோடு வந்து பத்துப் பதினைந்து கைகளை விரித்துப் பார்த்தாள், “ஒரு குறையும் இல்லை, குறை இருக்க இடமே இல்லை” என்று சொல்லிக் கிடைத்த அரிசியை வாங்கிக்கொண்டு போனாள். ரேஷன் கடையில்தான் கொஞ்சம் சிக்கல், மெஷினில் யார் விரலை வைத்தாலும் ஆள் தெரியவில்லை என்று காட்டியது, கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார், அப்புறம், “செவ்வல்குளத்துக்காரங்க எல்லாம் கண்ணைக் காட்டுங்க” என்று தனி வரிசை போட்டுவிட்டார். அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

எனக்கு மட்டும் சரியாகவில்லை. வடிவு மேசைக்கு முன்னால் கூட்டம் நிற்கும், என் மேசைக்கு முன்னால் ஈ நிற்கும். அவள் மவுசை நகர்த்துகிற மாதிரிதான் நானும் நகர்த்துகிறேன், அதே மென்பொருள்தான், அதே தூரிகைதான். மூக்குக்கண்ணாடி சரியில்லை, கம்ப்யூட்டர் பழசு என்று சொல்லிப் பார்த்தேன். “ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்” என்று முப்பிடாதி மதினி என் காதுபடவே சொன்னாள், அந்த மருவோடு.

அதுகூடப் பரவாயில்லை. ஊர்க் கையெல்லாம் ஒரு புத்தகத்தோடு எழுந்து போய்விடுகிறதே, என் வீட்டுக்காரர் விரல் மட்டும் ஏன் எல்லாப் புத்தகத்திலும் இருக்க வேண்டும்? யாராவது எழுந்து போனால் அந்த இடத்தில் இவர் உட்கார்ந்துவிடுவார். நான் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்குப் போய் ஒரு கண்ணாடித் துண்டு அறுத்து வாங்கி வந்தேன், இதைப் பக்கத்துக்கு மேலே வைத்து அமுக்குங்கள், விரலே வேண்டாம் என்றேன். ஒரு நாள் வைத்தார், மறுநாள் கண்ணாடி பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. “ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னுது, பக்கம் நடுவுல பளிச்சுனு ஒரு கோடு விழுது” என்றார். அது உண்மைதான், படத்தைத் திறந்து பார்த்தேன், கோடு விழுந்திருந்தது. உண்மையாக இருந்தால் எரிச்சல் குறைந்துவிடுமா? சனிக்கிழமை காலையில் நகம் வெட்ட ஆரம்பித்தார். விரலுக்குத் தேங்காய் எண்ணெய் போட ஆரம்பித்தார். வெடிப்பு என்றார், வெடிப்பு எங்கே இருக்கிறது, அதைத்தான் ஒருத்தி துடைத்து வைத்திருக்கிறாளே.

இப்படியே துடைத்துத் துடைத்து அந்த விரலில் கோடு என்று ஒன்று மிச்சமில்லாமல் ஆகிவிட்டது. ஆபீசில் வருகைப்பதிவு மெஷின் அவரை ஏற்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். என் கன்னத்தில் கை வைத்தால் சோப்புக்கட்டி வைத்த மாதிரி இருந்தது. அதைவிட, தழும்பு போன இடத்திலிருந்து மற்றதும் ஒவ்வொன்றாகக் கழன்றது, என் தங்கச்சி சடங்கு மறந்தது, அங்கே அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையல் மறந்தது, எங்கள் முதல் வருஷம் முழுக்கவே வெள்ளைத் தாளாக ஆனது. நாள் முழுக்க ஏளா, ஏளா, ஏளா. ஒரு நாள் அவருக்கு முன்னால் போய் நின்று, “என் பேர் என்ன, சொல்லுங்க” என்றேன். “என்ன கேள்வி இது, ஆவுடைத்தங்கம்” என்றார், மின்கட்டண அட்டையில் இருக்கிற பேரை வாசிக்கிற மாதிரி. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இந்த மனுஷனை இப்படியே விட்டால் என்னைக் கட்டிக்கொண்டதே ஒரு நாள் வெளுத்துவிடும்.

அசல் படங்களை நான் அழிப்பதே இல்லை, எவ்வளவு சுத்தம் பண்ணினாலும் பழையதை ஒரு பென்டிரைவில் பத்திரமாக வைத்திருப்பேன், வேலையில் என் ஒரே நல்ல பழக்கம் அது. அந்தப் பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு, மத்தியான வெயிலில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடையில் வடிவு மட்டும்தான் இருந்தாள்.

“வாங்கக்கா, உக்காருங்க.”

“உக்கார வரல. எங்க வீட்டுக்காரர் விரல்ல இருந்ததை என்னட்டி பண்ணுன?”

அவள் எழுந்து நின்றாள். “அழிக்கச் சொன்னாவ, அழிச்சேன். நான் ஒண்ணும் எடுத்து வச்சுக்கிடலக்கா.”

“ஊர்ல எல்லாக் கையையும் மேலாக்கத் துடைச்சிருக்க, அவர் கையை மட்டும் வேரோட துடைச்சிருக்க. அதுக்கு என்ன அர்த்தம்?”

அவள் பிரிண்டரில் கிடந்த பத்திரிகைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். “மத்தவங்க ஒரு தடவை வாராங்க, போயிருதாங்க. சார் விரல் தினமும் திரையில வருதுக்கா. வீட்ல அப்பாவுக்குப் பேச்சு இல்ல. கடைக்கு வாரவங்க காகிதத்தைத்தான் பாப்பாங்க, என் முகத்தைப் பாக்க மாட்டாங்க. என்கிட்ட தவறாம வாரது அது ஒண்ணுதான். அதனால நிதானமா அழிப்பேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, சார்கிட்ட நான் நேர்ல பேசினதுகூட இல்ல.”

அறைய வேண்டும் என்றுதான் போயிருந்தேன். பொய் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். அவள் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதனாலேயே வயிறு இன்னும் கூடுதலாக எரிந்தது, பேசினதுகூட இல்லையாம், பேசாமலே இவ்வளவா?

“திருப்பிப் போடு” என்றேன்.

“போட வருமான்னு தெரியலக்கா. எனக்கு அழிச்சுத்தான் பழக்கம்.”

“போட்டுப் பாரு. அழிச்சவளுக்குப் போடத் தெரியாதா? இந்தா, பழைய படமெல்லாம் இதுல இருக்கு, பாத்து வரை.” முடிச்சை அவிழ்த்து பென்டிரைவை நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. சுத்தம் பண்ணி முடித்த ஒரு பக்கத்தைத் திறந்தாள், வெறும் ஓரத்தைப் பெரிதாக்கினாள், இருக்கிறதிலேயே சின்னத் தூரிகையை எடுத்தாள், எதையும் பார்க்காமல் வரைய ஆரம்பித்தாள். முதலில் நகம் வந்தது, நகத்தின் அடியில் வெள்ளைப் பிறை வந்தது, தோலின் மடிப்புகள் வந்தன, அப்புறம் தழும்பு வந்தது, முருங்கை இலை அளவுக்கு, முட்டிப் பக்கம் அகன்று, நகத்துப் பக்கம் ஒடுங்கி, கரண்டியின் விளிம்பு பதிந்த கோட்டோடு. அந்தக் கோட்டின் முனையில் குறுக்கே சின்னதாக ஒரு கீறல் போட்டாள்.

“அது கிடையாது” என்றேன்.

“உண்டுக்கா.”

“ஏட்டி, போட்டவ நான். எனக்குத் தெரியாதா? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.”

அவள் தள்ளி நின்று இடம் விட்டாள். பென்டிரைவை நானே சொருகி, பழைய படத்தைத் திறந்து, பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். கீறல் இருந்தது. இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்தவள் பார்க்காததை, முகம் பார்த்துப் பேசாத ஒருத்தி பார்த்து வைத்திருந்தாள். பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, இனி அவர் விரலைத் தொட்டால் தெரியும் சேதி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் குரல் எனக்கே நல்லாயில்லை.

சாயங்காலம் அவர் வந்து கை கழுவினார். துண்டை நீட்டினேன். விரலில் தழும்பு இருந்தது, கோடு இருந்தது, கோட்டின் முனையில் அந்தக் கீறலும் இருந்தது.

“இது எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்காதா பின்ன? உன் தங்கச்சி சடங்குக்குப் போகாதன்னேன், நீ கரண்டியால வச்ச. மாவை அள்ளி அப்புன. நீ அழுத, நான் போயிட்டு வான்னேன்.” சிரித்தார். “ஏளா, அந்தக் காப்பியை எடு.”

எல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அது எப்படி வரும்? வடிவுக்குத் தழும்பு தெரியும், அதன் கீறல் தெரியும், அன்றைக்கு அந்த மனுஷன் வாயில் என் பேர் ஏறியது தெரியுமா? அவளுக்கு நான் வெறும் அக்கா. என் தழும்புதான் திரும்பி வந்திருக்கிறது, ஆனால் அவள் கையெழுத்தில் வந்திருக்கிறது. காப்பித் தம்ளரைக் கொண்டுபோய் வைத்தேன். அதை எடுக்க அவர் இடது கையை நீட்டினார். அந்தக் கையை ரெண்டு கையாலும் பிடித்தேன், கொஞ்சப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் முகம் மலர்ந்தது, கட்டைவிரலை வாய்க்குள் வைத்து, தழும்புக்கு மேலே, என் பல்லில் இருக்கிற பலம் மட்டும் கடித்தேன்.

“ஏ ஆவுடை!” என்று அலறினார். “விடு ஆவுடை! பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? ஆவுடை!”

பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கடித்துவிட்டுத்தான் விட்டேன். விரலில் மேலே நாலு, கீழே மூணு பல் பதிந்து ரத்தம் கட்டியது. அடுக்களைக்குப் போய் தோசை மாவு எடுத்து வந்து அப்பிவிட்டேன், அவர் வலியில் உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டு, “கடிச்சதும் நீ, அழுவுறதும் நீயா ஆவுடை?” என்றார்.

சனிக்கிழமை அந்த விரலோடுதான் போய் உட்கார்ந்தார். கிணறு வெட்ட நாள் பார்க்கிற புத்தகம் அன்றைக்கு முடிந்தது, படங்கள் வடிவுக்குப் போயின. அடுத்த வாரம் கமிட்டியில் பக்கங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள், தாள் வெளுத்து, வரிகள் நிமிர்ந்து, ஒரு புள்ளி குறையாமல் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் என் வீட்டுக்காரர் கட்டைவிரலும் இருந்தது.

“என்ன வடிவு, விரலை மறந்துட்டியே?” என்றார் ஞானையா.

“மறக்கலய்யா” என்றாள் வடிவு. “அது இருக்கட்டும்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை.

வடிவு சொன்னால் ஊரில் மறுபேச்சுக் கிடையாது, அப்படியே ஏற்றிவிட்டார்கள். இப்போதும் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். நானும் வீட்டில் யாரும் இல்லாத நேரம் திறந்து, பெரிதாக்கிப் பார்ப்பேன். விரலுக்குப் பின்னால் விழுந்த நிழலை எடுத்திருக்கிறாள், விரலைச் சுற்றி இருந்த கறையைத் தோலில் படாமல் எடுத்திருக்கிறாள், தழும்பை விட்டிருக்கிறாள், கீறலை விட்டிருக்கிறாள், என் பல் தடம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விட்டிருக்கிறாள். எவ்வளவு பக்கத்தில் வந்து பார்த்திருந்தால் இப்படி விட முடியும் என்று நினைத்தால், எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.